துருவின் வயது

மயூர் விஹார், டெல்லி
20.7.1999

மரியபுஷ்பத்திற்கு,

காரைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் ஆஸ்பத்திரியும் உன் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை நிஜாமுதீன் பாலத்தில் இறங்கும்போது ஒரு தனியார் பஸ் இடப்பக்கம் உரசிவிட்டுப் போய்விட்டது. முன் மட்கார்டும் கதவும் உள்ளே போய்விட்டன. பஸ்காரன் நிறுத்தவில்லை. படியில் தொங்கியவன் ஒருவன் மட்டும், "அங்கிள், காடி சலானா சீக் லோ!" என்று கத்திவிட்டுப் போனான். இருபத்து நான்கு வருடமாக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுகிறவன் இனிமேல்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

வண்டி ரோட்டில் மழையில் நிற்கிறது. நமக்கிருந்த ஷெட்டை சொசைட்டி செயலாளர் சங்கரநாராயணன் தன் மருமகன் வண்டிக்கு எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியாது. போன டிசம்பரில் நடந்தது. ஒற்றை ஆள் இருக்கும் வீட்டுக்கு ஷெட் எதற்கு என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தி ஏழு மாதமாகிறது. அவர் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். ஆர்.சி. புத்தகத்தைக் காணோம். நீ எங்கோ பத்திரமாக வைத்தாய். நீ பத்திரமாக வைத்தது எதுவும் இந்த மூன்று வருடத்தில் என் கைக்குக் கிடைத்ததில்லை. வியாழனுக்குள் உன் பதில் வராது, பிறகாவது கம்பெனிக்குக் காட்ட வேண்டும். எங்கே என்று ஒரு வரி எழுது.

உன் சாவி கதவுக்குப் பக்கத்தில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. தகவலுக்காகச் சொன்னேன்.

தேவநேசன்


நாசரேத்
26.7.1999

ஜெனி அப்பாவுக்கு,

கீறல் இல்லை என்பதைப் பஸ்ஸுக்கும் படியில் தொங்கியவனுக்கும் அப்புறம் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுதியிருக்கலாம். அந்த இடத்துக்கு வருவதற்குள் நான் திண்டாடிப் போனேன்.

ஆர்.சி. புத்தகம் என் தையல் மெஷின் மூடிக்குள் பச்சை உறையில் இருக்கிறது. எடுக்கும்போது மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ஜெனி சென்னை ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள். உங்கள் கடிதத்தைக் காட்டச் சொன்னால் காட்டலாம், பயமில்லை. டெல்லியில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராதது சில சமயம் வசதியாகத்தான் இருக்கிறது. என் தம்பி பென்சன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நீங்கள் அவனைக் கேட்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். இங்கே நர்சிங் பள்ளியை நான் நிரந்தரமாக ஏற்று நடத்த வேண்டும் என்கிறார் மேட்ரன். செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ரிட்டயர் ஆகும்வரை இங்கேதான். டெல்லிக்குத் திரும்பி வருவாயா என்று மூன்று வருடத்தில் நீங்கள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் குறை சொல்லவும் முடியவில்லை.

மழையில் நனையாதீர்கள். உங்களுக்கு நெஞ்சுச் சளி உடனே பிடிக்கும்.

மரியபுஷ்பம்


மயூர் விஹார்
2.8.1999

புஷ்பத்திற்கு,

பச்சை உறை கிடைத்தது. மெஷினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சர்தார்னி பால்கனியில் எட்டிப் பார்த்து, "பாபிஜி ஆ கயீ?" என்று ஆவலாகக் கேட்டாள். வரவில்லை, மெஷின்தான் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் பத்து என்பதைக் காலண்டரில் குறித்துக்கொண்டேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுதத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சர்வேயராக வந்தவன் சேஷு. ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருடம் முன்பு எங்கள் சர்வேயர் சங்கத்தில் நான் எடுத்த வகுப்பில் முன்பெஞ்சில் இருந்தவன். வந்தான், குனிந்தான், பெயின்ட் போன இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தான், விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். விரலெல்லாம் ஆரஞ்சுப் பொடி.

"அங்கிள், இது புராணா டேமேஜ். துரு பிடிச்சிருக்கு, தேக்கோ."

"அஞ்சு நாளைக்கு முன்னாடி பட்ட அடிப்பா."

"அஞ்சு நாள்ல இவ்ளோ துரு வருமா? விரல்ல ஒட்டினா பழைய அடி, ஒட்டலேன்னா புது அடி. நீங்கதானே அங்கிள் க்ளாஸ்ல சொன்னீங்க? நான் நோட்ல எழுதியே வச்சிருக்கேன்."

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "டென்ஷன் மத் லோ அங்கிள். உங்களுக்குப் போய் இல்லேன்னு எழுதுவேனா? புது அடின்னே போட்டுடறேன். நீங்க நம்ம ஆளு."

உண்மையைச் சொன்ன எனக்கு, பொய் சொன்னவனுக்குக் காட்டும் சலுகையைக் காட்டுகிறான். உன் விரல் சொல்வதையே எழுது என்று அனுப்பிவிட்டேன். எழுதிவிட்டான். என் கிளெய்ம் போய்விட்டது. அது போகட்டும்.

அன்று மாலை முழுக்க பென்சனின் டாக்ஸிதான் கண்முன்னே நின்றது. 96 ஜூலை. அவன் பாலிசி ஜூன் முப்பதோடு முடிந்துவிட்டது. ஜூலை பத்தாம் தேதிதான் புதுப்பித்தான். வண்டியைப் பார்க்காமலே ஏஜென்ட் பாலிசிக்கான கவர் நோட்டு எழுதிக் கொடுத்தான். பதினொன்றாம் தேதி வேப்பமரத்தில் மோதிவிட்டது என்று உன் தம்பி கம்பெனிக்கு எழுதினான். நான் பதினைந்தாம் தேதி போனேன். போகல் பகுதியில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் வண்டி மழையில் நின்றது. கட்டைவிரலால் தேய்த்தேன். பொடி ஒட்டியது. 'ஒரு வாரத்துக்கு மேல், இரண்டு வாரத்துக்குள் பட்ட அடி. பாலிசி இல்லாத நாட்களில் பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி கையை விரித்தது. பென்சன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஊருக்கு ரயிலேறினான். அடுத்த மாதம் நீ.

வேறு சர்வேயரிடம் கொடுங்கள் என்று நீ அன்று கெஞ்சினாய். சொந்த மைத்துனன் என்பதற்காக நியாயம் வளையாதவன் நான் என்று காட்டவே அதை நான் எடுத்தேன். மூன்று வருடமாக இந்த வீட்டில் எனக்குத் துணை அந்த நினைப்புத்தான்.

பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனிடம் ஒரு மட்கார்டு வாங்கி, பெயின்டைச் சுரண்டிவிட்டு பால்கனியில் மழைக்கு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் தேய்த்துப் பார்க்கிறேன்.

தேவநேசன்


நாசரேத்
9.8.1999

ஜெனி அப்பாவுக்கு,

மட்கார்டு வைக்க இடம் கிடைத்ததா? என் கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தித்தானே வைத்திருப்பீர்கள்? அதற்கு மதிய வெயில் ஆகாது.

நான் ஒன்று கேட்பேன், கோபப்படாதீர்கள். அந்த டாக்ஸி விஷயத்தை விட்டுவிடுங்கள். தம்பிக்கு இங்கே குறைவொன்றும் இல்லை. போன மாதம் சின்னவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. பழையதைத் தோண்டி யாருக்கு என்ன லாபம்?

நம் கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட மோதிரம் ஒரு சுற்றுப் பெரிதாக இருந்ததை இருபத்து மூன்று வருடமாகச் சொல்கிறீர்கள். எங்கள் சித்தப்பா உங்களைக் கும்பிடாமல் போனதைச் சொல்கிறீர்கள். யாரையும் நீங்கள் மன்னித்துப் பார்த்ததில்லை. இப்போது அந்தப் பட்டியலில் உங்கள் பெயரையே எழுதிக்கொள்கிறீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றவர்களிடம் காட்டுவதைவிட அதிகமாக உங்களிடம் காட்டுவீர்கள்.

கம்பெனிக்கு எதுவும் எழுதிவிட வேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

ராத்திரி சோறு சமைக்கிறீர்களா, பிஸ்கட்டா?

மரியபுஷ்பம்


மயூர் விஹார்
16.8.1999

அன்புள்ள புஷ்பம்,

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் பதின்மூன்று கட்டைவிரல் தடங்கள் இருக்கும். மட்கார்டைத் தேய்த்த விரலை மூன்றாம் நாளிலிருந்து தினமும் அந்தத் தாளில் அழுத்தினேன். பின்பக்கம் தேதி போட்டிருக்கிறேன். திருப்பிப் பார்க்காமல் சொல், எது மூன்றாம் நாள், எது பதினைந்தாம் நாள்? உன்னால் முடியாது. என்னாலும் முடியவில்லை. சேஷுவை வரவழைத்துக் காட்டினேன். ஐந்தாம் நாள் தடத்தைத் தொட்டு, "இது பக்காவா மூணு வாரம், அங்கிள்" என்றான். டெல்லி மழையில் இரண்டே நாளில் பொடி வந்துவிடுகிறது. அதற்கப்புறம் துருவுக்கு வயது தெரிவதில்லை.

பரணிலிருந்து ரிப்போர்ட் நகல்களை இறக்கினேன். மழைக்காலத்தில், துருவை மட்டும் வைத்துப் 'பழைய அடி' என்று நான் தள்ளியவை மொத்தம் பதினொன்று. ஒரு பால்காரரின் டெம்போ. ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரின் ஸ்கூட்டர். அவர் என் வீடு தேடி வந்து, "சாப், நான் பொய் சொன்னதில்லை" என்றார். நான் கதவைச் சாத்தினேன். இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ.

எழுத வேண்டாம் என்றாய். எழுதிவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை. மேனேஜர் லீவில் இருக்கிறார், முப்பதாம் தேதிதான் வருகிறார். முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை நேரில் போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். 'என் மைத்துனர் பென்சன் உண்மையைச் சொன்னார். நான் அவரைப் பொய்யராக்கினேன்' என்பதுதான் அதில் முதல் பத்தி. லைசென்ஸ் போகலாம். போனால் என்ன செய்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

உன்னை வரவழைப்பதற்காக இதைச் செய்கிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் அது முழுக்கத் தப்பில்லை.

கறிவேப்பிலைத் தொட்டியைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். பிஸ்கட்தான்.

தேவநேசன்


நாசரேத்
22.8.1999

அன்புள்ள ஜெனி அப்பாவுக்கு,

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து இரண்டுதரம் கூப்பிட்டேன். இரண்டுதரமும் நீங்கள் ஹலோ ஹலோ என்றீர்கள். நான் வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம் முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்னால் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று தூத்துக்குடிவரை போய் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

பென்சன் பொய்தான் சொன்னான்.

அவன் மரத்தில் மோதியது ஒன்பதாம் தேதி சாயங்காலம். பாலிசி புதுப்பித்தது மறுநாள். மோதின கையோடு நம் வீட்டுக்குத்தான் வந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. சமையலறையில் உட்காரவைத்து நான்தான் நான்கு தையல் போட்டேன். நீங்கள் முன்னறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சத்தம் நிற்கிறதா நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டேதான் ஊசியைக் குத்தினேன்.

வேறு சர்வேயரிடம் கொடுங்கள் என்று நான் கெஞ்சியது நியாயத்துக்காக அல்ல. வேறு ஆள் வந்தால் பொய் எடுபட்டுவிடும் என்றுதான். வார்டில் ஒரு ஊசி போட்ட நேரத்தைக்கூட ஐந்து நிமிஷம் மாற்றி எழுதாதவள் நான். தம்பிக்கு என்றதும் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடமாக மூடியே வைத்திருந்தேன். நீங்கள்தான் அநியாயக்காரர் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் பேசும்போது காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஆனால் நான் ஏன் வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் போனதால் இல்லை. பத்தாம் தேதி மத்தியானம் பென்சன் நம் வீட்டில் சாப்பிட்டான். உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். புருவத்தின் மேல் இவ்வளவு பெரிய பிளாஸ்திரி. நீங்கள் என்ன ஆயிற்று என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் அவனைக் கூப்பிட்டேன். அவனும் சொல்லத்தான் வந்தான். நீங்கள் உப்பை நகர்த்தச் சொன்னீர்கள். டாக்ஸி வாங்கும்போது உங்களிடம் யோசனை கேட்கவில்லை என்ற கோபத்தில் ஆறு மாதமாக அவனை நிமிர்ந்தே பார்ப்பதில்லை அல்லவா? அன்றும் பார்க்கவில்லை. அடுத்த நாள் அவன் அந்தப் பொய்யை எழுதினான். ஐந்தாம் நாள் போகலுக்குப் போய் அவன் வண்டியில் ஒவ்வொரு கீறலாக எண்ணினீர்கள். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. என் முகத்தில் ஒரு காயம் வந்தாலும் இவர் இப்படித்தான் உப்பு கேட்பார் என்று தோன்றியது.

இதை எழுதட்டுமா என்று நேற்று தம்பியிடம் கேட்டேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியைப் பிழிந்து உதறினான். பிறகு, "எழுதுக்கா. அத்தான் ஏசுனா ஏசட்டும். நான் செஞ்சதுக்கு அவருக்கு ஏன் வேல போணும்?" என்றான்.

விரல் தடம் தாளை என் பைபிளில் வைத்திருக்கிறேன். எது மூன்றாம் நாள் என்று எனக்கும் தெரியவில்லை.

உங்கள்
புஷ்பம்


மயூர் விஹார்
29.8.1999, ஞாயிறு

அன்புள்ள புஷ்பம்,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. நேற்று முழுக்கப் பேனாவைத் தொடவில்லை.

நான் போட்ட கணக்குத் தப்பு, ஆனால் முடிவு சரி. பாலிசி இல்லாத நாளில் பட்ட அடிதான் அது. ஒரு மாதம் முன்னால் இது தெரிந்திருந்தால், நான் ஜெயித்தேன் என்று உங்கள் ஊரில் எல்லாருக்கும் கார்டு போட்டிருப்பேன். உன் சித்தப்பாவுக்கு முதல் கார்டு. இப்போது உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தப் பத்தாம் தேதிச் சாப்பாட்டையே யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. நீ பதில் சொல்லாதது நினைவிருக்கிறது. உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திய கை நினைவிருக்கிறது. அந்தக் கைக்கு மேலே இருந்த முகம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

மூன்று வருடம் மூடி வைத்ததற்கு உன்னைத் திட்டலாம் என்றாய். முயன்று பார்த்தேன். எங்கே ஆரம்பித்தாலும் முன்னறையில் நான் டைப் அடித்த சத்தத்தில் வந்து முடிகிறது.

செவ்வாய்க்கிழமை கடிதத்தைக் கொடுக்கத்தான் போகிறேன். முதல் பத்தியை எடுத்துவிட்டேன். துருவை வைத்து அடியின் வயதைச் சொல்ல முடியாது, நான் சொன்னது தப்பு, வகுப்பில் சொல்லிக் கொடுத்ததும் தப்பு, சொந்தக்காரர் வண்டியை நான் தொட்டிருக்கவே கூடாது. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. மற்றப் பத்துப் பேரின் கிளெய்ம் நம்பர்களை இணைத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் உண்மை சொன்னார்கள் என்பதை யாராவது அவர்களிடமே கேட்கட்டும். பென்சன் பெயர் அதில் இல்லை. அவன் செய்ததை அவன்தான் சொல்ல வேண்டும், சொல்லவும் சொல்லிவிட்டான், என்னிடம். எனக்கு அது போதும். இது நியாயத்தை வளைப்பதுதானா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்தடவையாக ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியாமல் இருக்கிறேன்.

சேஷுவுக்குப் போன் செய்து, நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னேன். "அங்கிள், மஜாக் மத் கரோ" என்று சிரித்தான். விளையாட்டில்லையப்பா என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று சர்ச்சுக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் சங்கரநாராயணன் எதிரே வந்தார். அவர் காதில் காது கேட்கும் மெஷின் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். "டிசம்பர்லேர்ந்து. நீங்கதான் சார் முதல்ல கேக்கறேள்" என்றார். ஷெட்டைப் பற்றி நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் வணக்கம் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் தேதி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். அங்கிருந்து நெல்லை வண்டி. இந்தக் கடிதம் எனக்கு ஒருநாள் முன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். உன் கையெழுத்தைத் தடுக்க வரவில்லை. பத்தாம் தேதி நீ போடு, போடாமல் இரு, அது உன் இஷ்டம். மூன்று வருடமாக நான் கேட்காத அந்தக் கேள்வியைத் தபாலில் கேட்கக் கூடாது என்றுதான் வருகிறேன். ஆணியிலிருந்த சாவியையும் எடுத்து வருகிறேன். வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் வருவது பென்சனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் ஸ்டேஷனுக்கு வேனோடு வந்து நிற்பான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிடு, போதும். எனக்கு எதிரே அவனுக்கு இலை போடு.

தையல் எந்தப் புருவத்தில் என்று நீ எழுதவில்லை. எழுதாதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
தேவநேசன்